களிம்போடு வந்த காகிதம்

தம்பி, தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் மடியில் இருக்கிற மெடிக்கல் ஷாப் கவருக்குள் ஒரு ட்யூப் பெட்டி தெரிகிறது. நான் எட்டிப் பார்க்கவில்லை, தானாகத் தெரிந்தது. களிம்புதானே? டாக்டர் எழுதிக் கொடுத்ததா, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததா?

சொல்ல விருப்பமில்லை என்றால் வேண்டாம். ஆனால் அந்த அட்டைப்பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கோவில்பட்டியிலிருந்து மதுரை வரைக்கும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வரப்போகிற ஒரு மனிதன் இதைவிட உபயோகமாக எதையும் சொல்லிவிட முடியாது. காதில் இயர்போனை மாட்டிக்கொள்ளப் போகிறீர்களா? மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு காதை மட்டும் விட்டு வைத்தால் எனக்குப் போதும்.

நான் நூலகர். இருபத்திரண்டு வருடமாக ஒரே கல்லூரியில். 'இந்த ஆள் என்ன புத்தகம் மாதிரி பேசுகிறார்' என்று நினைக்கிறீர்கள், முகத்திலேயே தெரிகிறது. வீட்டிலும் இதே புகார்தான். என் மனைவி சண்முகவடிவு, "குழம்புல உப்பு சரியா இருக்கான்னு கேட்டா, முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னு வருது" என்பாள். நான் எதையும் படிக்காமல் விடுகிறவன் இல்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், தீப்பெட்டி லேபிள், கடலைமிட்டாய் பாக்கெட்டில் பொடி எழுத்தில் இருக்கிற முகவரி, எல்லாவற்றையும் படிப்பேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதை வைத்துத்தான் பின்னால் நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள்.

எங்களுக்கு ஒரே மகள், நித்திலா. நித்திலம் என்றால் முத்து. அவளுக்கு எட்டாம் வகுப்பிலிருந்தே பேச்சுப் போட்டிதான் உயிர். எழுதிக் கொடுப்பது நான், பேசுவது அவள். அவள் மேடையில் பேசும்போது முதல் வரிசையில் என் உதடும் சேர்ந்து அசைகிறது என்று வடிவு சொல்வாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. யாரோ வீடியோ எடுத்துக் காட்டினார்கள். அசைந்தது உண்மைதான். ஒரு இடத்தில் அவளுக்கு முன்னாலேயே அசைந்துவிட்டது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நான் ஏற்படுத்தியது. நான் படித்துக்கொண்டிருக்கும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. சந்தேகம் இருந்தால், அந்த இடத்தில் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு. ஓரத்தில் கேள்வியை எழுதி என் மேஜையில் வைத்துவிட வேண்டும். நான் பார்த்து, அதற்குக் கீழே பென்சிலால் பதில் எழுதுவேன். பேனா கூடவே கூடாது. பேனாவால் கோடு போட்டவர்களுக்கு நூலகத்தில் அபராதமே போட்டிருக்கிறேன். நான் பதில் எழுதவில்லை என்றால், எனக்கு ஆட்சேபணை இல்லை, நடத்தலாம் என்று பொருள். நித்திலாவுக்கு ஏழு வயதிலிருந்து இது பழக்கம். பள்ளிக்கூடத்தில் திருச்செந்தூர் கூட்டிப் போகிறார்கள், போகட்டுமா என்பதைக்கூட சமூக அறிவியல் புத்தக ஓரத்தில் எழுதித்தான் கேட்டாள். வடிவு மட்டும் இந்த ஏற்பாட்டில் சேரவில்லை. அவளுக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கையிலிருக்கிற புத்தகத்தைப் பிடுங்கிவிடுவாள்.

போன வருடம் பொங்கல் சமயத்தில் நித்திலாவுக்கு முகத்தில் பரு வந்தது. பிளஸ் டூ படிக்கிற பெண்ணுக்குப் பரு வருவதில் அதிசயம் என்ன? ஆனால் அவள் கண்ணாடியைவிட்டு நகரவில்லை. நான் பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் மெடிக்கல் கடைக்குப் போனேன். நம் பக்கத்தில் டாக்டரிடம் போவதற்கு முன்னால் எல்லோரும் போகிற இடம் அதுதானே. நெஞ்சுவலிக்கே முதலில் அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டு அப்புறம் ஆம்புலன்சுக்குச் சொல்கிற ஊர் இது. அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. "சாரே, இந்த ட்யூபைக் கொண்டுபோங்க. பத்தே நாளு. பிள்ளை முகம் பளிங்கு மாதிரி ஆயிரும்" என்றார்.

ஆகிவிட்டது தம்பி! பத்து நாள்கூட ஆகவில்லை, எட்டாம் நாளே பளிங்கு. நான் கடைக்குப் போய் நன்றி சொன்னேன். கல்லூரியில் மூன்று பேருக்குச் சிபாரிசு செய்தேன். ட்யூப் தீர்ந்தது, பரு திரும்பி வந்தது. இன்னொரு ட்யூப் வாங்கினேன், போனது. தீர்ந்தது, வந்தது. போட்டால் போகிறது, விட்டால் வருகிறது என்றால் மருந்து வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? தர்க்கம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? நான் அதைப் பாடமாகவே படித்தவன்.

ஒவ்வொரு ட்யூபோடும் அந்தத் தாள் வரும். என்ன அருமையான தாள்! வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்தால் முதுகு உப்பாது, பக்கத்தில் தடம் விழாது. இருபத்திரண்டு வருடமாக அப்படி ஒரு தாளைத் தேடியிருக்கிறேன். ட்யூப் மகளுக்கு, தாள் எனக்கு என்று ஆகிவிட்டது. ஆடி மாதத்தில் ஒருநாள் கல்லூரியிலிருந்து வந்து பார்க்கிறேன், என் மேஜையில் புதுத்தாள் ஒன்று. அப்பாவின் பழக்கம் தெரிந்து பிள்ளையே எடுத்து வைத்திருக்கிறாள் என்று எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அப்போது ராஜவம்ச வரலாறு ஒன்று படித்துக்கொண்டிருந்தேன், எண்ணூற்றுச் சொச்சம் பக்கம். அதற்குள் வைத்துக்கொண்டேன்.

படித்தீர்களா என்றா கேட்கிறீர்கள்? இருங்கள், சாத்தூர் தாண்டட்டும்.

வெயில் காலத்திலேயே முகம் சிவக்க ஆரம்பித்துவிட்டது. கன்னத்தில் பொடிப்பொடியாக, கொத்துக் கொத்தாக. அடுப்புப் பக்கம் போனால் எரிகிறது என்றாள். நான் விடுவேனா? காரணத்தை ஆராய்ந்தேன். சாத்தூர் சேவுக்குத் தடை. கடலைமிட்டாய்க்குத் தடை. தலையணை உறை தினமும் மாற்றப்பட்டது. செல்போன் கன்னத்தில் படக் கூடாது என்றேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், ஒன்றைத் தவிர. ட்யூப் முன்னைப்போலக் குறையவில்லை என்று கண்டுபிடித்ததும் நான்தான். ஒழுங்காகப் போடாமல் ஏமாற்றுகிறாள் என்று, கண்ணாடி பக்கத்தில் நானே நின்று போடவைத்தேன். அந்தச் சமயத்தில் ஒரு காலையில், "அப்பா, அந்த ட்யூப்ல வர்ற பேப்பர் இருக்குல்ல..." என்று ஆரம்பித்தாள். நான் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு விரலை மட்டும் தூக்கினேன். விரலுக்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும். போய்விட்டாள்.

பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்தே நித்திலாவுக்கு மாஸ்க்தான். ஊரே கழற்றி எறிந்து எத்தனையோ நாளான மாஸ்க்கை இவள் பெட்டியைத் தோண்டி எடுத்தாள். வகுப்பில் மாஸ்க், பஸ்ஸில் மாஸ்க். வீட்டில் சாப்பிடும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவாள். சுதந்திர தினத்துக்குக் கல்லூரியில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். நான் ஆறு பக்கம் எழுதித் தயாராக வைத்திருந்தேன். "பேர் குடுக்கலப்பா" என்றாள். ஏன் என்றேன். "இனிமே குடுக்கறதா இல்ல." அவ்வளவுதான். எட்டாம் வகுப்பிலிருந்து மைக்கைக் கண்டால் விடாத பிள்ளை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு பக்கம் வீணாகிறதே என்றும் கொஞ்சம் இருந்தது, மறைக்க மாட்டேன்.

டாக்டரிடம் போகலாம் என்று வடிவு சொன்னாள். நித்திலா வரமாட்டேன் என்றாள். நம் ஊர் தோல் டாக்டர் வீட்டு வரிசையில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதில் முப்பது பேர், "என்ன வடிவு, பிள்ளைக்கு மூஞ்சில என்ன?" என்று கேட்பார்கள். மிச்சம் பத்துப் பேர் கேட்காமல் கற்றாழை சொல்வார்கள். அதனால் வடிவு செல்போனிலேயே ஒரு தோல் டாக்டரைப் பிடித்து நேரம் வாங்கிவிட்டாள். டாக்டர் பெனிட்டா. எந்த ஊரில் இருந்து பேசுகிறார் என்று இன்றைக்குவரை தெரியாது.

படிவம் நிரப்புகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். 'பிரச்சினையைச் சுருக்கமாகக் கூறவும்' என்று ஒரு கட்டம். நான் எழுதியதை அது பாதியில் வெட்டிவிட்டது. திருப்பித் திருப்பி முயன்றேன். நோயின் வரலாற்றை இரண்டு வரியில் சொல்லச் சொல்கிறவர்களிடம் என்ன வைத்தியம் எதிர்பார்ப்பது? அப்புறம் போட்டோ கேட்டிருந்தார்கள். பகல் வெளிச்சத்தில் நேராக ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. டாக்டருக்கு அளவு தெரிய வேண்டாமா? நித்திலா கன்னத்தில் பக்கவாட்டில் ஒரு ஸ்கேலைப் பிடிக்கச் சொன்னேன். பிள்ளை ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா எடுக்கட்டும்" என்று உள்ளே போய்விட்டது.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு டாக்டர் திரையில் வந்தார். முப்பது வயது இருக்கும். "வணக்கம், நித்திலா யாரு?" என்றார். "வணக்கம் டாக்டர், நான் அவளுடைய தகப்பனார். இந்தப் பிரச்சினை தோன்றியது சென்ற தை மாதம்..." என்று தொடங்கினேன். வயது கேட்டார், நான் சொன்னேன். எரிச்சல் இருக்கிறதா என்றார், இருக்கிறது என்றேன். தூக்கம் எப்படி என்றார், பரவாயில்லை என்றேன். "பீரியட்ஸ் மாசாமாசம் சரியா வருதா?" என்றார். தம்பி, அதற்கும் வாயைத் திறந்துவிட்டேன். பதில் தெரிந்து அல்ல. வந்த வேகத்தில்.

டாக்டர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "சார், பரு உங்களுக்கா, உங்க பொண்ணுக்கா?" என்றார்.

அடுப்படியிலிருந்து வடிவு சிரித்த சத்தம் டாக்டருக்கும் கேட்டிருக்கும். மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார். நித்திலா என்னைப் பார்த்தாள். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கப்பா." வெளியே வந்து நின்றேன். ஒட்டுக் கேட்கவில்லை. கதவு திறந்திருந்தது, காதும் திறந்திருந்தது, அதற்கு நான் பொறுப்பில்லை.

"இப்ப முகத்துக்கு என்னம்மா போடுற?" என்றார் டாக்டர். நான் வெளியிலிருந்தே, "மருந்து எதுவும் இல்லை டாக்டர், வெறும் களிம்புதான்!" என்று குரல் கொடுத்தேன்.

"என்ன களிம்பு? எடுத்துட்டு வா, பாப்போம்." வடிவு கொண்டுபோய்க் காட்டினாள். "இது ஸ்டீராய்டும்மா. எத்தனை மாசமா?" "எட்டு மாசம்." "முகத்துக்கா? யாரு எழுதிக் குடுத்தா?"

நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தும் பேசாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். நித்திலா, "மெடிக்கல்ல வாங்குனது" என்றாள். யார் போய் வாங்கியது என்று சொல்லவில்லை. டாக்டரும் அதற்குமேல் அதைக் கேட்கவில்லை.

"இதைப் போட்டா முதல்ல அமுங்கும். அப்புறம் இதுவே பருவை வரவழைக்கும். தோலும் மெலிஞ்சு போயிரும். விட்டா இன்னும் சிவக்கும், பயந்துபோய் திரும்பப் போடுவாங்க. வாரத்துக்கு நாலு பேர் இதே ட்யூபோட வர்றாங்க. உன் தப்பு ஒண்ணும் இல்லம்மா. பெட்டிக்குள்ள ஒரு பேப்பர் இருந்திருக்குமே, படிக்கலையா?"

"படிச்சேன்."

"அப்புறம்?"

"கேட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

டாக்டர் களிம்பை நிறுத்தச் சொன்னார். மூன்று நான்கு வாரம் முகம் இன்னும் மோசமாகும், பயந்துவிடாதே, அப்போதும் என்னைக் கூப்பிடு என்றார். சோப்புக்குப் பதில் முகம் கழுவ ஒன்று, படுக்கப் போகும்முன் தடவ ஒன்று, வெயிலுக்கு ஒன்று எழுதினார். நன்றாக அடங்க நாலைந்து மாதம் ஆகும் என்றார். கடைசியில் நித்திலா, "டாக்டர், சேவு சாப்பிடலாமா?" என்றாள். "அளவா சாப்பிடு. சேவு மேல எனக்குக் கோபம் இல்ல" என்றார். என் மகள் சிரித்தாள் தம்பி. சிரித்த முகத்தைப் பார்க்க எட்டிப் பார்த்தேன். மாஸ்க்கை மாட்டிவிட்டாள்.

இதோ, சாத்தூர். ஏம்பா, சேவு ஒரு பாக்கெட் கொடு. காரமா? காரமே கொடு. நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா? வேண்டாமா? சரி.

எங்கே விட்டேன்? 'கேட்டேன்' என்றாளா... யாரிடம் கேட்டிருப்பாள்? அண்ணாச்சியிடம்தான், வேறு யாரிடம்? சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அன்று மத்தியானமே வெயிலோடு வெயிலாகக் கடைக்குப் போய்விட்டேன். ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். "எம் பிள்ளை உங்ககிட்ட வந்து கேட்டிருக்கா. ஒரு பொறுப்பான பதில் சொன்னீரா? எழுதப் படிக்கத் தெரிந்தவர்தானே நீர்?" என்று ஆரம்பித்து, மருத்துவ அறம் என்கிற இடம் வரைக்கும் போய்விட்டேன். அண்ணாச்சி தாளில் மாத்திரை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"சாரே, நான் குடுத்தது தப்புதான், ஒத்துக்கிடுதேன். ஆனா உங்க பிள்ளை என் கடைப்படி மிதிச்சதே கிடையாது. ஒன்பது ட்யூபும் வாங்கினது நீங்க. 'இது ரொம்ப நல்ல மருந்து அண்ணாச்சி'ன்னு எனக்கே சொன்னதும் நீங்க."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. ராஜவம்ச வரலாற்றை எடுத்தேன். ஐந்நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில் இருந்தது தாள். முதல் தடவையாகப் பிரித்தேன். பொடி எழுத்து, இங்கிலீஷ். நடுவில் ஒரு வரியின் கீழ் பென்சில் கோடு, மெல்லிசாக, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே. 'முகத்தில் பூசக் கூடாது, மருத்துவர் சொல்லாமல் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது' என்கிற வரி. ஓரத்தில் அவள் கையெழுத்து: 'அப்பா, இதைப் பாத்தீங்களா?'

ஆடி மாதம் மேஜையில் இருந்த தாள் தம்பி. எனக்காக எடுத்து வைத்திருக்கிறாள் என்று மனசு குளிர்ந்தேனே, அது. இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில் வைத்தேன். அங்கிருந்து ஐந்நூற்றுத் தொண்ணூறு வரைக்கும் ஒவ்வொரு நாளும் அதைக் கையால் எடுத்து, நகர்த்தி, திரும்ப வைத்திருக்கிறேன். ஏதோ ஒரு ராஜா எந்தக் கோட்டையை எந்த வருஷம் பிடித்தான் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

பதில் இல்லை என்றால் ஆட்சேபணை இல்லை என்று பொருள். நான் போட்ட விதிதானே. பிள்ளை அதற்குமேல் இரண்டு மாதம் பூசியிருக்கிறாள். பக்கத்தில் நான் நின்று பூசவைத்திருக்கிறேன்.

பதில் எழுத வேண்டாமா? உட்கார்ந்தேன். முதல் வரைவு இரண்டு பக்கம் வந்தது. அதில் ஒன்றரைப் பக்கம் அண்ணாச்சியைப் பற்றி. இரண்டாவதில் மருந்து விற்பனை பற்றிய சட்டம் வந்துவிட்டது. ஒன்பது வரைவு எழுதினேன், ட்யூபுக்கு ஒன்று வீதம். வரவர சுருங்கி, கடைசியில் ஒரே வார்த்தையில் வந்து நின்றது. 'பார்க்கவில்லை.' அதை எழுதத்தான் கை வரவில்லை. தாள் இதோ, சட்டைப்பையில் நாலு மாதமாக இருக்கிறது. சட்டை மாற்றினால் அதுவும் மாறும். அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

டாக்டர் சொன்ன மாதிரியே முகம் முதலில் மோசமானது. ஒரு வாரம் கல்லூரிக்கே போகவில்லை. அறைக்குள் இருந்துகொண்டு டாக்டருக்கு அவளே போட்டோ அனுப்பினாள், ஸ்கேல் இல்லாமல். தீபாவளிக்கு அப்புறம் சிவப்பு தணிந்தது. இப்போது சுத்தமாகப் போய்விட்டதா என்றால், இல்லை. நெற்றியில் நாலு இருக்கிறது, கன்னத்தில் தழும்பு இருக்கிறது. ஆனால் தை பிறந்து ஒருநாள், துணி துவைத்துக்கொண்டிருந்த வடிவு, "ஏட்டி, மாஸ்க்கைத் துவைக்கப் போடலையா?" என்றாள். "குப்பைல போட்டுட்டேன்மா" என்றாள் நித்திலா. போன வாரம், "மதுரைல காலேஜ்களுக்கு எல்லாம் பேச்சுப் போட்டி. பேர் குடுத்திருக்கேன்" என்றாள். தலைப்பு என்ன, எழுதித் தருகிறேன் என்றேன். "எழுதிட்டேன்பா" என்றாள். யார் எழுதியது? "நாந்தான்."

இன்றைக்குப் பதினொரு மணிக்குப் போட்டி. காலையிலேயே கல்லூரி வேனில் போய்விட்டாள். நானும் வரட்டுமா என்று நேற்றுக் கேட்டேன். "வாங்க. ஆனா கடைசி வரிசை. உதட்டை அசைக்கக் கூடாது" என்றாள். எனக்கு வரியே தெரியாதே, உதடு எப்படி அசையும்? முகத்தை மறைக்காமல் ஐந்நூறு பேர் முன்னால் நிற்கப் போகிறாள். அவளுக்குப் பயமில்லை. நான்தான் கோவில்பட்டியிலிருந்து நிமிஷத்துக்கு ஒருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

திருமங்கலம் தாண்டிவிட்டோமா? என்ன தம்பி, என்னமோ சொல்ல வருகிறீர்கள்? குதிகாலுக்கா? பித்தவெடிப்புக்கா? உங்கள் அம்மாவுக்கா! இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? நான் இடமே கொடுக்கவில்லையா? அதுவும் சரிதான். ஆனாலும் அந்தத் தாளை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். குதிகால் என்றால் மட்டும் என்ன?

மாட்டுத்தாவணி வரப்போகிறது. தம்பி, உங்களிடம் பென்சில் இருக்கிறதா? பேனாதானா? நான் வாழ்நாளில்... சரி, பேனாவே கொடுங்கள். அந்த அட்டைப்பெட்டியையும் கொடுங்கள், பஸ் குலுங்குகிறது, என் சட்டைப்பைத் தாளுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். பயப்படாதீர்கள், பஸ் நிற்பதற்குள் திருப்பித் தந்துவிடுவேன். ஒரே வார்த்தைதான்.